சம்பந்தி வீட்டாருக்கு சில்ஹெட்டிச் சமையல்: ஹிதலையும் சாத்கராவையும் எப்படிக் கையாள்வது?

பெரம்பூர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மருமகள் அசாமில் உள்ள கரீம்கஞ்சைச் சேர்ந்தவள். 2024இல் மாவட்டத்துக்கு ஸ்ரீபூமி என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் அவள் வாயில் கரீம்கஞ்ச்தான் வருகிறது. வீட்டில் அவர்கள் பேசுவது வங்காளத்துக்கு நெருங்கிய சில்ஹெட்டி. இந்தப் பொங்கலுக்கு அவளுடைய அப்பாவும் அம்மாவும் முதன்முறையாகச் சென்னைக்கு வருகிறார்கள். பொங்கலன்று எங்கள் வழக்கப்படி சர்க்கரைப் பொங்கலும் ஏழுகாய்க் கூட்டும் இருக்கும். காணும் பொங்கலன்று ஒருவேளைச் சாப்பாடாவது அவர்கள் ஊர் முறையில் என் கையால் சமைத்துப் போட வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பெண் வந்த நாள் முதல் சாம்பார், வத்தக்குழம்பு, கீரைக் கடைசல் என்று நாங்கள் வைத்ததை முகம் கோணாமல் சாப்பிடுகிறாள். இது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருமுறை சிந்தாதிரிப்பேட்டை சந்தைக்கு அழைத்துப் போனபோது கருவாட்டுக் கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நெத்திலிக் கருவாட்டை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அன்று இரவுதான் பாட்டி வைக்கும் ஹுட்கிக் குழம்பை, அதாவது கருவாட்டுக் குழம்பைப் பற்றி என்னிடம் சொன்னாள். அது என் மனதில் நின்றுவிட்டது.

தீபாவளிக்கு வந்த அவளுடைய தம்பி மூன்று பொட்டலங்கள் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்றில் காய்ந்த எலுமிச்சை வகைத் தோல், சாத்கரா என்கிறாள். இன்னொன்று ஹிதல் என்ற புளிக்கவைத்த மீன். செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றியும் அலமாரியைத் திறந்தால் வாடை தெரிகிறது. மூன்றாவது பிருன் என்ற அரிசி. "சாப்பிடத் தெரியும் அம்மா, பாட்டி அடுப்பு முன்னால் யாரையும் விட்டதில்லை" என்கிறாள் மருமகள். அவளுடைய அம்மாவிடம் கேட்கலாம், ஆனால் விருந்தாளியாக வருகிறவரிடமே சமையல் கேட்க மனம் வரவில்லை.

அந்தத் தோலை எவ்வளவு போடுவது? எதோடு போடுவது? ஹிதலைச் சமைத்தால் மாடி வீட்டில் சைவக் குடும்பம் இருக்கிறது, என்ன செய்வது? அந்த அரிசியைக் குக்கரில் வைக்கலாமா? கொஞ்சம் புளி கரைத்து விட்டுக் கறிவேப்பிலை தாளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதர்பூர் ரயில்வே எழுதியது:

சகோதரி, முதலில் உங்கள் கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, புளியையும் கறிவேப்பிலையையும் அன்று ஒருநாள் எட்டவே வைத்துவிடச் சொல்லுங்கள்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி பதர்பூர் சந்திப்பில் கழிந்தது. உங்கள் சம்பந்தி ஊருக்கு மிக அருகில். லம்டிங்கில் இருந்து மலையேறி இறங்கி வரும் பாதை 2014 வரை மீட்டர் கேஜ்தான். மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டி வராது, வண்டியில் வரும் சரக்கும் வராது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு கொதித்தது கருவாடு போட்ட குழம்புதான். குடியிருப்பில் பக்கத்து வீட்டு அம்மையாரை எல்லோரும் மாசிமா என்று கூப்பிடுவோம். நான் அறிந்த சில்ஹெட்டிச் சமையல் அவர் அடுக்களை வாசலில் நின்று பார்த்ததும் பிறகு அவரிடம் கேட்டுச் செய்ததும்தான்.

அந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஹிதலைப் பற்றிச் சொல்ல முடியாது. பராக் ஆறு அங்கே சுர்மா, குஷியாரா என்று இரண்டாகப் பிரிகிறது. அதற்குக் கீழே ஹாவோர் என்று அழைக்கப்படும் பெரிய தாழ்நில ஏரிகள். ஆண்டில் பாதி நாள் எல்லாம் தண்ணீர். தண்ணீர் வடியும்போது மீன் குவிந்துவிடும், தின்று தீராது. அதனால் காயவைத்தார்கள், புளிக்கவைத்தார்கள். கரீம்கஞ்ச் ஊர்க்கரையில் நின்றால் குஷியாராவுக்கு அந்தப் பக்கம் பங்களாதேஷின் ஜகிகஞ்ச் கண்ணுக்குத் தெரியும். 1947 ஜூலையில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு சில்ஹெட் மாவட்டம் கிழக்குப் பாகிஸ்தானோடு போனது, அதில் இருந்த கரீம்கஞ்ச் இந்தியாவில் நின்றது. உறவு ஒரு கரையிலும் வீடு ஒரு கரையிலுமாகப் போன குடும்பங்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மாசிமாவும் அப்படி வந்தவர்தான். நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது என்பார். உங்கள் மருமகளின் பாட்டி அடுப்பு முன்னால் யாரையும் விடாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, ஹிதல். புட்டி என்ற சின்ன மீன், நம் ஏரிக் கெண்டைப் பொடிக்குச் சொந்தம். குடலை எடுத்துவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். எடுத்த குடலைக் காய்ச்சி இறக்கும் எண்ணெயையே மண்பானைக்கு உள்ளும் புறமும் தடவித் தடவிக் காயவைத்து, பானை எண்ணெய் குடித்த பிறகு மீனை இடைவெளி இல்லாமல் அமுக்கி அடைத்து, வாயை மீன் விழுதாலும் மண்ணாலும் பூசிவிடுவார்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். உப்பு ஒரு கல்கூடக் கிடையாது. காற்று புகாமல் இருப்பதுதான் அதைக் கெடாமல் காக்கிறது. ஆகவே பொட்டலத்தைப் பிரித்தால் மிச்சத்தைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடி வையுங்கள்.

மாசிமா செய்யும் ஹிதல் வடையைச் சொல்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள். நான்கு பேருக்கு ஐந்தாறு ஹிதல் மீன் போதும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தலையைக் கிள்ளிவிட்டு, ஊறவைத்த காய்ந்த மிளகாய், நிறையப் பூண்டு சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் தண்ணீர் விடாமல் அரையுங்கள். கடுகெண்ணெயைப் புகைய விட்டு, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அது நிறம் மாறியதும் இந்த விழுதைச் சேர்த்துச் சின்னத் தீயில் கிளற வேண்டும். அவசரம் கூடாது. முதலில் மூக்கைத் துளைக்கும். கிளறக் கிளற அந்தக் காட்டம் அடங்கி, எண்ணெய் ஓரத்தில் கசிந்து, விழுது கருஞ்சிவப்பாகச் சுருண்டு வரும். மாசிமா கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார். விழுது தொங்காமல் நின்றால் இறக்கிவிடுவார். இதை இளம் பூசணி இலையில் ஒரு தேக்கரண்டி வைத்து, நான்கு புறமும் மடித்து, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட வேண்டும். சூடான சோற்றில் பிய்த்துப் பிசைந்து சாப்பிடுவது. உறைப்பு கண்ணில் நீர் வரவழைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், குறைத்துவிடாதீர்கள்.

மாடி வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாடை எழுவது விழுதை வதக்கும்போதுதான். அதை முதல்நாளே, அவர்கள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து வதக்கி ஆறவைத்துவிட்டால், மறுநாள் இலையில் மடித்துச் சுடுவது சின்ன வேலை.

மருமகள் சொன்ன பாட்டியின் குழம்பு ஹுட்கி ஷிராவாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இதை நம் ஆட்கள் நம்பவே மாட்டார்கள். பூசணி, கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு, உரித்த மொச்சை, வெங்காயம், தட்டிய பூண்டு, மஞ்சள்தூள், கீறிய பச்சை மிளகாய், கழுவிய கருவாடு எல்லாவற்றையும் தண்ணீரில் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட வேண்டியதுதான். அங்கே நாகா மிளகாய் ஒன்றை முழுதாக மிதக்கவிட்டு, வெடிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். காய் பாதி கரைந்து பாதி நிற்கும்போது உப்பு பார்த்து, ஊறவைத்த சாத்கராத் துண்டு இரண்டு மூன்றைப் போட்டு ஒரு கொதி. தேங்காய் வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம், தாளிப்பு வேண்டாம். தாளித்தால் அது நல்ல குழம்பாக இருக்கலாம், ஆனால் பாட்டி வீட்டுக் குழம்பாக இருக்காது.

பிருன் அரிசி ஒட்டும் அரிசி. குக்கரில் வைத்தால் களியாகிவிடும். இரவே ஊறவைத்து, வடித்து, இட்லிப் பானையில் துணி விரித்து ஆவியில் வேகவையுங்கள். ஊரில் இதே அரிசியைத்தான் டலு என்ற மெல்லிய மூங்கில் குழாயில் வாழையிலை சுருட்டி அடைத்து வைக்கோல் தீயில் சுடுவார்கள். பச்சை மூங்கிலின் நீர்ப்பசையிலேயே அரிசி வெந்துவிடும். ஆறியபின் மூங்கிலைப் பிளந்தால் அரிசி நீளமாக உருளையாக வெளியே வரும். சுங்கா பிட்டா என்று பெயர். அதுவும் நம் பொங்கல் நாளில்தான். அங்கே பௌஷ சங்கராந்தி. வைக்கோலில் குடில் கட்டி, இரவெல்லாம் கூடிச் சாப்பிட்டு, விடியலில் அதைக் கொளுத்திவிட்டுக் குளித்து வருவார்கள். உங்கள் சம்பந்தி போகிக்கு முன்பே வந்துவிட்டால் தெருவில் எரியும் தீயைக் காட்டுங்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் கடையில் கிடைக்கும் கட்டை மூங்கிலில் அந்தப் பிட்டாவைச் செய்து பார்க்க வேண்டாம். சுவர் தடிமனாக இருக்கும், தீ உள்ளே ஏறாது.

---

வேளச்சேரி வாசி எழுதியது:

அக்கா, சாத்கரா பற்றி நான் சொல்கிறேன். என் கணவருடைய வேலைக்காகக் கிழக்கு லண்டனில் சில ஆண்டுகள் இருந்தோம். பிரிக் லேன், ஒயிட்சாப்பல் பக்கமெல்லாம் சில்ஹெட்டில் இருந்து போனவர்கள்தான். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை பார்த்துக் கரையிறங்கித் தங்கியவர்களின் வழிவந்த குடும்பங்கள். பிரிட்டனில் இந்திய உணவகம் என்று பலகை போட்ட கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இவர்கள்தான். ஆனால் அந்த உணவகப் பட்டியலில் இருப்பது எதுவும் அவர்கள் வீட்டில் வேகாது. வீட்டுக்குப் போனால் மீனும் கருவாடும் சாத்கராவும்தான். அங்கே கடைகளில் சாத்கராவைத் துண்டு போட்டு உறைய வைத்து விற்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆஃபா (அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பக்ரீத் அன்று மாட்டிறைச்சியில் சாத்கரா போட்டுச் செய்வார். முஸ்லிம் வீடுகளில் அதுதான் பேர் பெற்ற பண்டம். எனக்காகத் தனியாக ஆட்டிறைச்சியில் செய்து தருவார். உங்கள் சம்பந்தி வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்டிறைச்சி என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

இந்தப் பழத்தில் சாறு முக்கியமில்லை. உள்ளே இருக்கும் சுளை கசக்கும், அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். வேண்டியது அந்தத் தடித்த தோல்தான். காய்ந்த தோல் என்பதால் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஒரு கிலோ கறிக்கு, விரல் நீளத் துண்டாக ஐந்தாறு போதும். வெங்காயம் தாராளமாக, இஞ்சி, பூண்டு, மஞ்சள், மல்லித்தூள், மிளகாய்த்தூள், பிரிஞ்சி இலை, ஒரு துண்டு பட்டை. கறி முக்கால் பதம் வெந்த பிறகுதான் தோலைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் குழம்பு முழுவதும் கசப்பு இறங்கிவிடும். ஆஃபா ஊறிய தோலை ஒருமுறை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுவார். துண்டுகளை எடுத்து வைத்துவிடாதீர்கள். அவர்கள் அதைத் தேடித் தேடி மென்று சாப்பிடுவார்கள்.

தோல் தீர்ந்த பிறகும் செய்ய ஆசை வந்தால் கிடாரங்காய்த் தோல் ஓரளவுக்குக் கிட்டே வரும். புளிப்பும் கசப்பும் கிடைக்கும். சாத்கராவின் வாசனை மட்டும் அதில் வராது.

---

பதர்பூர் ரயில்வே எழுதியது:

வேளச்சேரி சகோதரி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கொதிக்கவைத்த தண்ணீரைக் கொட்டுவது பச்சைப் பழத்துக்குச் சரி. காய்ந்த தோலுக்கு வேண்டாம். வெயிலிலேயே கசப்பு பாதி போயிருக்கும், இருக்கிற வாசனையையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஊறவைத்த தண்ணீரை நாக்கில் விட்டுப் பாருங்கள். கசப்பு குமட்டினால் கொட்டுங்கள், இல்லையென்றால் குழம்பிலேயே சேருங்கள்.

---

சிந்தாதிரிப்பேட்டை மீன்காரன் எழுதியது:

அம்மா, நான் பரம்பரையாக மீன் வியாபாரம் செய்யும் குடும்பம். சமையல் மேலே சொல்லியாயிற்று, சரக்கு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அவர்கள் ஆற்று மீன் ஆட்கள். விருந்து என்று நினைத்து வஞ்சிரம் வாங்கிவிடாதீர்கள். நம் கடைக்கு வரும் வடகிழக்கு வாடிக்கையாளர்கள் வஞ்சிரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நேராக ரோகு, கட்லா இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். இவை ஆந்திரக் குளங்களில் இருந்து ஐஸ் போட்டு வருகிறவை. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பு மங்கியிருக்கக் கூடாது. விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் எழும்பிவிட வேண்டும். குறைந்தது இரண்டு கிலோ மீனாக எடுங்கள், சின்னதில் முள் அதிகம், ருசி குறைவு. விரால் உயிரோடு தொட்டியில் கிடைத்தால் அதையும் வாங்கலாம், அவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த மீன்.

வெட்டும்போது தலை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வங்காளம் பேசும் வீடுகளில் தலைதான் மரியாதை. இரண்டாகப் பிளக்கச் சொல்லி, கண்ணையும் மூளையையும் விட்டுவிட்டுச் செவுளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்துப் பருப்பில் போடுவார்கள். அந்தத் துண்டு உங்கள் சம்பந்தியின் தட்டில் விழட்டும்.

கருவாட்டில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கருவாட்டில் பாதிக்கு மேல் உப்புக் கருவாடு. அவர்கள் ஊரில் வெறும் வெயிலில் காயவைப்பது. வஞ்சிரக் கருவாடோ வாளைக் கருவாடோ போட்டால் அந்த எண்ணெயில்லாக் குழம்பு உப்புக் கரைசலாகிவிடும். உப்பில்லாமல் காயவைத்த நெத்திலி என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் வாயை நம்பாமல் ஒன்றை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மருமகள் அன்று முகர்ந்து பார்த்தது சரியான சரக்கைத்தான்.

---

பெரம்பூர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மருமகளிடம் வாசித்துக் காட்டினேன். பூசணி இலையில் மடித்த வடை என்றதும் அடுக்களைக்கே வந்துவிட்டாள். "அம்மா, பாட்டி சுரைக்காய் இலையில் செய்வார், அதை நான்தான் கொடியில் இருந்து பறித்து வருவேன்" என்றாள். இலையை எப்படி மடிப்பது என்பது அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. முருங்கை இலைக் காம்பால் குத்தாமலே பிரியாமல் மடித்துக் காட்டினாள். ஆகவே வடையை அவள் பொறுப்பில் விட்டாயிற்று. கறி வேண்டாம், மீனே போதும் என்றும் சொல்லிவிட்டாள். சாத்கராவை மீனில் போடலாமா? எதை முதலில் பரிமாறுவது?

---

பதர்பூர் ரயில்வே எழுதியது:

தாராளமாகப் போடலாம். ரோகுத் துண்டுகளை மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் மேலாகப் பொரித்து எடுங்கள். முறுக விடக் கூடாது. அதே எண்ணெயில் வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள், தேவையான தண்ணீர். கொதித்ததும் மீனையும் சாத்கராவையும் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். குழம்பு நீர்க்கவே இருக்க வேண்டும். ஹுட்கி ஷிராவிலும் சாத்கரா போடுவதானால் மீனுக்குத் தக்காளிப் புளிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஒரே மணம் வேண்டாம். புளிச்சக்கீரையும் நன்றாக இருக்கும். அசாம் பக்கம் அதில் மீன் சமைப்பது வழக்கம்தான்.

பரிமாறும் வரிசை முக்கியம். நம்மைப் போல எல்லாவற்றையும் இலையில் வைத்துவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். முதலில் கசப்பு, பாகற்காயை மெல்லிசாக நறுக்கி வறுத்தால் போதும். பிறகு மீன்தலை போட்ட பருப்பு. அடுத்து ஹிதல் வடையும் ஹுட்கி ஷிராவும். தக்காளி மீன் புளிப்பு என்பதால் கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டும். இதற்கெல்லாம் சாதாரணப் புழுங்கல் அரிசிச் சோறு. பிருன் அரிசியைக் காலையில் பாலும் வெல்லமும் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கூட வைத்தாலும் சாப்பிடுவார்கள். இனிப்புக்கு நீங்கள் பொங்கலுக்குச் சுட்ட அதிரசமே போதும். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரிக்கும் ஹந்தேஷ் அவர்கள் வீட்டிலும் உண்டு.

கடுகெண்ணெய் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். புகை வரும்வரை காய்ச்சிவிட்டுத்தான் எதையும் போட வேண்டும், மறக்காதீர்கள்.

---

சிந்தாதிரிப்பேட்டை மீன்காரன் எழுதியது:

அம்மா, காணும் பொங்கலன்று காலையில் சந்தையில் நிற்க இடம் இருக்காது, பெரிய ரோகு விடிவதற்குள் போய்விடும். இரண்டு நாள் முன்பே கடைக்காரரிடம் எடை சொல்லி வையுங்கள். தலையோடு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.